நடக்கவைத்துப் பார்த்த பின் சொல்வோம்

காசநோயோ நிமோனியாவோ கொரோனாவோ தீர்ந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே ஏறக்குறையத் தெளிவு, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. ஆனாலும் வந்தவர் சொல்கிறார்: நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, பாதி நாளுக்குமேல் உடம்பு ஒத்துழைப்பதில்லை. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும், திண்டிவனம், வானூர் பக்கத்திலும் இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் கரும்பு வெட்டுபவர், நாற்று நடுபவர், கல் உடைப்பவர். அவருடைய புகார் முழுவதும் உழைப்பைப் பற்றியது. நம் சோதனைகளோ அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் செய்தவை. ஓய்வில் அளந்துவிட்டு, உழைப்பில் வரும் துன்பத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று சீட்டில் எழுத நமக்கு உரிமையில்லை. உழைக்கவைத்து அளந்த பிறகே அப்படி எழுத வேண்டும் என்பதே இவ்விதழின் வாதம்.

சாதாரணச் சோதனைகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. எக்ஸ்ரே நுரையீரலின் உருவத்தைக் காட்டும். ஸ்பைரோமெட்ரி காற்று போய்வரும் அளவையும் வேகத்தையும் காட்டும். அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் இறங்குகிறதா, இறங்கிய ஆக்சிஜனைத் தசை எடுத்துக்கொள்கிறதா என்பதை இரண்டுமே காட்டா. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கொரோனாவிலிருந்து மீண்ட சுமார் 200 பேரை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவில், 44 விழுக்காட்டினருக்கு வாயுப் பரிமாற்றத் திறன் குறைந்திருந்தது. 35 விழுக்காட்டினருக்கு நுரையீரல் விரியும் அளவு குறைந்திருந்தது. காற்றுக்குழாய் அடைப்பு இருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மூச்சு வாங்குகிறது என்றாலே இன்ஹேலர் எழுதும் நம் பழக்கம் அந்தச் சிறு பகுதிக்குத்தான் பொருந்தும். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அதே ஆண்டு நீள்கொரோனா நோயாளிகள் 25 பேரைக் கடுமையாக உழைக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசைத் துணுக்குகளைச் சோதித்தனர். உழைப்புக்குப் பின் அவர்களின் தசைகளில் சேதமும் ஆற்றல் உற்பத்திக் குறைவும் கூடியிருந்தன. நோய் மூச்சுப்பையில் மட்டும் தங்குவதில்லை என்பதற்கு இது சான்று.

இது மனப்பதற்றம்தான், கொரோனாப் பேச்சு கிளப்பிவிட்ட பயம்தான் என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. பதற்றம் மூச்சின் தாளத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. மேல்மார்பில் அவசரமாக மூச்சு விடும் பழக்கம் நோய்க்குப் பின் ஒட்டிக்கொள்வதும் உண்மை. அதற்கு மூச்சுப் பயிற்சி என்ற சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டுவதற்குச் சான்று இடம் தரவில்லை. ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் மூவகைத் தொற்றுகளுக்கு ஆளான 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின்னும் 12 விழுக்காட்டினர் தீராத அசதியில் இருந்தனர். யாருக்கு அசதி நீடிக்கும் என்பதை முன்கூட்டிக் காட்டியது தொற்றின் கடுமையே தவிர, அவர்களுடைய மனநிலை அல்ல. கொரோனா வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய முடிவு இது.

நம் மாநிலத்துக்கு இதில் தனிக் கடமை இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டில் வைத்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்கு நிறுவிக் காட்டியது. அன்றுமுதல் வெற்றியின் அளவுகோல் சளியில் கிருமி நீங்குவதே. உயிர்கள் பறிபோன காலத்தில் அது சரியான அளவுகோல். ஆனால் கிருமி போன நுரையீரலில் தழும்பும் சுருக்கமும் விரிந்துபோன மூச்சுக்குழாய்களும் மிஞ்சுகின்றன. 2019இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் இதற்கென்றே முதல் பன்னாட்டு மாநாடு கூடியது. 2021இல் காசநோய்க்குப் பிந்தைய நுரையீரல் நோய்க்கான மருத்துவத் தரநெறிகள் வெளிவந்தன. தமிழகத்தில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறிந்த அன்றே எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால்வீக்கம், தாங்கலின்றி நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. நோயாளி உள்ளே வரும்போது இவ்வளவு கவனமாக அளக்கும் நாம், மருந்து முடிந்து வெளியே போகும்போது ஏன் அளப்பதில்லை? தேசியத் திட்டம் சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24ஆம் மாதங்களில் அவரை மறுபடி பார்க்கச் சொல்கிறது. நோய் திரும்பியதா என்று கேட்பதோடு அந்தச் சந்திப்புகள் முடிந்துவிடக் கூடாது.

கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. விடை எளிது: மருத்துவர் செய்ய வேண்டியது குறைவு, செவிலியரும் இயன்முறை மருத்துவரும் செய்யக்கூடியது அதிகம். மூச்சிரைப்பு அளவுகோலின் ஐந்து படிகளையும் ஒரு நிமிடத்தில் கேட்டுவிடலாம். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூச்சிரைப்பை அளக்கும் முயற்சியில் பிறந்த அது நம் கல்குவாரித் தொழிலாளருக்கும் பொருந்தும். அடுத்தது, ஆக்சிமீட்டரை மாட்டி ஒரு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழவைப்பது. இடமிருந்தால் ஆறு நிமிட நடை. ஓய்விலேயே ஆக்சிஜன் குறைந்தவரையும் நெஞ்சுவலி உள்ளவரையும் இதில் இறக்கக் கூடாது. சோதனையில் அளவு 4 புள்ளி இறங்கினால் அவரை நார்மல் என்று அனுப்ப முடியாது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்பைரோமெட்ரி, எக்கோ, தேவையானால் சிடி பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் பத்து நிமிடம் நிற்கவைத்து நாடியை எண்ணுங்கள். ரத்த அழுத்தம் விழாமலே நாடி நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் கூடினால் அது நரம்புக் கட்டுப்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். ஹீமோகுளோபினைப் பாராமல் எந்தப் பெண்ணையும் அனுப்பாதீர்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு. திருவக்கரை, வானூர் பக்கத்துக் குவாரிகளிலும் கிரஷர்களிலும் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று கேளுங்கள். சிலிக்கா தூசி தரும் நோய், காசநோய்த் தழும்பின் பெயரில் எளிதில் மறைந்துகொள்ளும்.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, மருந்து இல்லையே என்பது அடுத்த மறுப்பு. மாத்திரை இல்லை என்பது சிகிச்சை இல்லை என்பதாகாது. மருத்துவமனையில் கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்று மூன்று மாதத்துக்குப் பின்னும் தொல்லை தீராத 585 பேரிடம் நடத்திய பிரிட்டன் ஆய்வில், எட்டு வாரக் கண்காணிப்புப் பயிற்சி வாழ்க்கைத் தரத்தை ஓரளவு உயர்த்தியது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. முடக்குவாதத்துக்கும் மூட்டுவலிக்கும் போகும் அவர் மூச்சுப் பயிற்சிக்கும் போகட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கையைப் பயிற்சியின் ஆதரவாளர்கள் ஏற்றே ஆக வேண்டும். உழைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுபவர் உண்டு. அவரிடம் நாளுக்கு நாள் கூட்டு என்று சொல்வது தீங்கு. நாட்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதை பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் கைவிட்டது. ஆகவே பயிற்சிச் சீட்டு எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலை செய்த மறுநாள் எப்படி இருக்கிறது? மறுநாள் விழுந்துவிடுகிறவருக்கு வேலையைப் பிரித்து, இடையில் ஓய்வு வைத்து, இருக்கும் சக்திக்குள் நாளைக் கழிக்கக் கற்றுக்கொடுப்பதே சிகிச்சை.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்குக் காரணம் கிடைக்காது. அப்போது அதைச் சொல்வது நேர்மை. அத்தோடு நிறுத்திவிடுவது கைவிடல். இது சோம்பல் அல்ல, நோயின் எச்சம் என்று குடும்பத்தார் முன்னால் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எந்த வேலை இப்போது ஆகாது என்பதைக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கூலி வேலைக்காரருக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பு டானிக் பாட்டிலைவிடப் பெரிது. மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்து, அதே சோதனையை மறுபடி செய்து, எண்களை ஒப்பிடுங்கள். காசநோய்ச் சிகிச்சை முடிவுப் பதிவில் மூச்சிரைப்புப் படி, உழைப்பின்போது ஆக்சிஜன் அளவு, ஹீமோகுளோபின் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும் என்று மாவட்டக் காசநோய் அலுவலர்களை இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. அந்தப் பதிவு வரும்வரை காத்திராமல், நம் சொந்தச் சீட்டுகளில் அதை இன்றே தொடங்கலாம்.