உராய்வும் உரைமருந்தும்

"இரு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு இயங்குங்கால், இயக்கத்திற்கு எதிர்த்திசையில் தோன்றும் விசை உராய்வு எனப்படும்." ஆறாம் வகுப்பில் பயின்றபோது என் மகள் இவ்வரையறையை ஓர் எழுத்தும் பிறழாமல் ஒப்பித்தாள். "நடப்பதற்கு உராய்வு வேண்டுமா, அம்மா?" என்று வினவினேன். சற்றே சிந்தித்தவள், "வேண்டும் அத்தா. ஹவுள் படியில் பாசி படிந்திருந்ததால்தானே நன்னா வழுக்கி விழுந்தார்கள்" என்றாள். தேர்விலும், நடப்பதற்கு உராய்வு உதவுகிறது என்றே எழுதினாள். விடையைச் சிவப்பு மையால் சுழித்து, "உராய்வு இயக்கத்தை எதிர்க்கும், உதவாது" எனக் குறித்திருந்தனர்.

குழந்தை எழுதியதே சரி. நடக்கும்போது நம் பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பாதம் பின்னோக்கி வழுக்காதவாறு தடுக்கும் உராய்வு, நம்மை முன்னோக்கிச் செலுத்துகிறது. உராய்வு எதிர்ப்பது இயக்கத்தை அன்று. ஒரு பரப்பு மற்றொன்றின்மேல் வழுக்குவதையே அது எதிர்க்கிறது. இதனைச் சென்று விளக்கியும் அந்த ஒரு மதிப்பெண் திரும்பக் கிடைக்கவில்லை.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சான்றோர் வினவக்கூடும். பிழை நேர்ந்த இடம் இயற்பியல் அன்று, சொல். 'வழுக்குதல்' என்று நிற்க வேண்டிய இடத்தில் 'இயக்கம்' என்னும் பெருஞ்சொல் வந்து அமர்ந்துகொண்டது. அங்கே பொருள் திரிந்தது. சொல்லின் பொருள் திரிந்தால் கவலைப்பட வேண்டியது தமிழ்த்துறையே அன்றோ?

உராய்வு என்னும் சொல்லை அறிவியலுக்கென்று எவரும் புதிதாய்ப் படைத்துத் தரவில்லை. உரசு, உராய், உரை என்பன நம் இல்லங்களில் புழங்கிய சொற்கள். பொன்னின் மாற்றறியத் தட்டார் தேய்த்துப் பார்ப்பது உரைகல்லில். என் இளமையில் நன்னிமா கைக்குழந்தைகளுக்காகச் சுக்கு, கடுக்காய், மாசிக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுத்ததற்குப் பெயர் உரைமருந்து. மெல்ல இழைத்தால் கல் கொஞ்சமே தேய்த்துத் தரும். அழுத்தி இழைத்தால் மிகுதியாகத் தரும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும் என்பதை அக்கல்லின் அருகே குந்தியிருந்த பிள்ளைகள் அனைவரும் கண்டிருந்தோம். பள்ளியில் அதே செய்தி வந்தபோது அது எங்களுக்கு அயலாய்த் தோன்றியது. அக்கல்லை எவரும் நினைவூட்டவில்லை.

பிரான்சு நாட்டு அமோந்தோன் என்பார் 1699-இல் இவ்விதியை வெளியிட்டார். அவருடைய மற்றொரு விதி பெரியவர்களையும் வியப்பிலாழ்த்துவது. ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்தும் இழுக்கட்டும், பக்கவாட்டில் நிறுத்தியும் இழுக்கட்டும். படுத்த கல்லுக்குத் தொடும் பரப்பு மிகுதியாதலின் அதற்கே வலு அதிகம் வேண்டும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவர். இழுத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே வலுதான். ஏன்? வழுவழுப்பாகத் தோன்றும் பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்ததே. மெய்யாகத் தொட்டுக்கொள்வன மேடுகளின் முகடுகள் மட்டுமே. படுத்த கல்லில் பாரம் பல முகடுகளில் பரந்து கிடக்கிறது. நின்ற கல்லில் சிலவற்றின்மேல் குவிகிறது. கணக்கு ஒன்றாகிவிடுகிறது. இதைச் சொல்லால் விளக்குமுன் கயிற்றைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சொரசொரப்பே உராய்வுக்குக் காரணம் என்று சொல்லி நிறுத்துவதும் குறையுடைத்து. மாசு சிறிதுமின்றி மிக நன்றாக மெருகேற்றிய இரு உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. இனி, நூறு பக்கக் குறிப்பேடுகள் இரண்டின் ஏடுகளை ஒன்றுவிட்டொன்றாக ஊடுபொருத்தி, இரு மாணவரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் செய்யுங்கள். இழுக்க இழுக்க ஏடுகள் மேலும் நெருக்குண்டு இறுகும். அட்டை கிழியுமேயன்றி ஏடுகள் பிரிவது அரிது. பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. என் வீட்டில் இது நடந்த மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடிவிட்டனர். இரவு உணவு தாமதமானதற்கு நான் கேட்ட மொழிகளை இங்கே எழுதற்கில்லை.

உராய்வைத் 'தவிர்க்க இயலாத தீமை' என்று எழுதிப் பழகிவிட்டோம். பொறிகள் தேய்வது கருதி எழுந்த தொடர் அது. அந்த அளவில் ஒக்கும். சக்கர அச்சுக்கு மை இடுவதும், கேரம் பலகையில் மாவு தூவுவதும் அதனைக் குறைக்கவே. ஆயினும் மிதிவண்டியின் பிரேக் கட்டையும், தீக்குச்சியும், கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியும், ஆடையில் இழை பிரியாது நிற்பதும் அதனாலேயே அன்றோ? பிஞ்சு மனத்தில் முதற்சொல்லாகத் 'தீமை'யை விதைப்பானேன்?

நம் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவர். பொருள் விளங்காமலே வரையறைகளைச் சுமந்து வருகின்றனர். எனவே தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் ஒரு மேசையில் அமர்ந்து, சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஆண்டுக்கு ஒரு சிறு நூல் எழுதித் தரலாம் என்பது என் வேண்டுகோள். முதல் நூல் உராய்வைப் பற்றியதாக இருக்கட்டும். தொடக்கப் பக்கத்தில் செங்கல்லும் கயிறும்; அடுத்து உரைகல். வரையறை கடைசிப் பக்கத்தில் வரட்டும். அதில் 'வழுக்குதல்' என்ற சொல் இருக்கட்டும்.