கொல்லைக் காவலுக்கு ஒரு துப்பாக்கி

அமெரிக்காவில் துப்பாக்கியைப் பகுதி பகுதியாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்றால் நம் ஊர்க்காரர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். விஷயம் உண்மைதான். குழல் ஒன்று, குண்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளை ஒன்று, இரண்டையும் பிடித்து நிறுத்தும் கூடு, விசை, இழைத்து முடிக்காத மரப் பிடி, இவ்வளவும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து அரத்தால் ராவி, பொருத்தி, மெருகிட்டு, 1851ஆம் வருஷத்துக் கோல்ட் சுழல் துப்பாக்கியின் நகல் ஒன்றைத் தம் கையாலேயே செய்துகொள்ளலாம். பித்தளைக் கூடா, எஃகுக் கூடா. மேற்பட்டை இல்லாத கோல்ட் மாதிரியா, உருளைக்கு மேல் பட்டை ஓடும் ரெமிங்டன் மாதிரியா என்பதுதான் அங்கே உள்ள பிரச்னை. (பித்தளை மலிவு, ஆனால் பலமாகக் கெட்டித்துப் பல தடவை சுட்டால் நெகிழ்ந்து கொடுத்துவிடும் என்கிறார்கள்.) இந்த நகல்களில் பெரும்பாலானவை இத்தாலியில் தயாராகின்றன. மருந்தையும் குண்டையும் தனித்தனியே கெட்டிக்கும் பழைய முறையைச் சேர்ந்தவை என்பதால், 1968ஆம் வருஷத்து அமெரிக்க மத்திய சட்டம் இவற்றைப் புராதனப் பொருள்களோடு சேர்த்து ஒதுக்கிவிட்டது. அந்த நாட்டின் பெரும்பாலான ராஜ்யங்களில் தபாலிலேயே வரவழைத்துவிடலாம்.

இதே கரிமருந்துத் துப்பாக்கி தர்மபுரி ஜில்லாவிலும் இருக்கிறது. இங்கே அது பொழுதுபோக்கு அல்ல.

பென்னாகரம், பாலக்கோடு தாலுகாக்களில் காட்டை ஒட்டிய கிராமங்களில் இதற்கு நாட்டுத் துப்பாக்கி என்று பெயர். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, கழியால் இடித்துக் கெட்டித்து, ரவையைப் போட்டு, கேப்பை வைத்துச் சுடவேண்டும். ஒரு வெடி தீர்ந்தால் மறு வெடிக்குள் பன்றி அடுத்த கொல்லைக்கே போய்விடும். மழைக்காலத்தில் மருந்து ஈரம் கண்டால் சத்தம்கூட வராது. திருட்டுத்தனமாகச் செய்த குழலாக இருந்தால், எதிரில் நிற்கும் மிருகத்தை விட்டுவிட்டுச் சுடுகிறவன் கையைப் பதம் பார்ப்பதும் உண்டு. இப்படிப்பட்ட ஆயுதத்தை ஒருவன் ஏன் வைத்திருக்கிறான்? திருட்டு வேட்டைக்காக வைத்திருப்பவர்கள் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. கடலையும் மரவள்ளியும் கேழ்வரகும் விடிவதற்குள் நாசமாகும் கொல்லைக்குக் காவலாக வைத்திருப்பவர்களும் உண்டு. போலீஸாருக்கு இருவரும் ஒன்றே. 2004 அக்டோபர் 18ஆம் தேதி வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது இதே ஜில்லாவின் பாப்பாரப்பட்டி அருகில்தான். இங்கே துப்பாக்கி என்றதும் அதிகாரிகளுக்கு அந்த ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியச் சட்டம் துப்பாக்கியின் வயதைப் பார்ப்பதில்லை. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, பழைய மாதிரியாக இருந்தாலும் வெடிக்கக்கூடியதென்றால் அது துப்பாக்கியே. பழுது பார்த்தாலும் சுடமுடியாத பழம் பொருளுக்கு மட்டுமே விலக்கு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதும் குற்றம். பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதும் குற்றம். 2019இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. தயாரித்தவருக்குக் குறைந்தது 7 ஆண்டு, வைத்திருந்தவருக்குக் குறைந்தது 2 ஆண்டு சிறை. அமெரிக்கப் பெட்டியை இங்கே ஒருவர் வரவழைத்துப் பொருத்தினால், அவர் கைவினைஞரல்ல, குற்றவாளி.

ஆனால் இதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படிப்பவர்கள் சற்றுத் திகைப்பார்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக மெய்யாகவே தேவைப்படும் விவசாயிக்கு, வாய் வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வழங்கலாம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சட்டம் செய்தவர்களின் மனக்கண்ணில் கொல்லைக் காவல்காரன் இருந்திருக்கிறான் என்பதில் ஐயமில்லை. 13 ஆண்டுகள் கழித்து, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அனுமதியின்றி மிருகத்தைச் சுடுவது அதன்படி குற்றம். ஆகவே கலெக்டர் ஆபீஸில் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தாலும், பன்றிக்கு லைசென்ஸ் கிடையாது! வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்துவிட்டுப் படுக்கவேண்டியதுதான்.

இதற்கிடையே காவிரியின் மேற்கோடியில் வேறு கதை. குடகு நாட்டில் குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. மத்திய சர்க்கார் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. 2021இல் கர்நாடக ஹைகோர்ட்டும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே நீர் ஒகேனக்கல்லில் விழும்போது, கரையிலுள்ள விவசாயி தாத்தா காலத்துக் குழலைப் பரண்மேல் ஒளித்து வைத்திருக்கிறான்.

துப்பாக்கி போய்க் கம்பி வந்தது

கள்ளத் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள், தாமாக முன்வந்து ஒப்படைப்பவர்கள்மீது வழக்கில்லை என்று வன இலாகாவும் போலீஸாரும் அவ்வப்போது கிராமங்களுக்குச் சொல்லி வருகிறார்கள். இது சரியான காரியமே. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் காடு 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஓரத்தில் கள்ளத் துப்பாக்கிகளை விட்டுவைப்பது யானைக்கும் ஆபத்து, மனிதனுக்கும் ஆபத்து.

ஆனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு விவசாயியை வெறுங்கையோடு அனுப்பினால் என்ன நடக்கும்? 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில் நடந்ததை ஜில்லா மறந்திருக்காது. பன்றிக்கென்று ஒரு நிலத்தைச் சுற்றித் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. கூட வந்த இரண்டு குட்டிகள் உடல்களை விட்டு அகலாமல் நின்றன. நாட்டுத் துப்பாக்கியின் வெடிச் சத்தம் ஊருக்கே கேட்கும், கம்பிக்குச் சத்தமில்லை. துப்பாக்கிக்குப் பின்னால் கண் விழித்திருக்கும் ஆள் ஒருவனாவது வேண்டும். கம்பியோ, போட்டவன் தூங்கும்போதும் வேலை செய்கிறது. பன்றிக்கும் யானைக்கும், தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து நிலத்துக்காரனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் பன்றி விஷயமாக ஒரு திட்டம் அறிவித்தது. காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை, பயிற்சி பெற்ற வன ஊழியர்கள் சுடலாம். 1 கிலோமீட்டரிலிருந்து 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். முதல் கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. காட்டு மிருகத்தின் நலனை எண்ணினால் இந்தக் கணக்கு நியாயமானதே. ஆனால் பன்றி முதலில் புகும் கொல்லை எது? அந்த முதல் கிலோமீட்டரில் உள்ளது அல்லவா? அங்கே உள்ளவன்தான் மிகவும் ஏழை. துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வதும் அவனைத்தான்.

அவனுக்கு இன்று சட்டப்படி மிஞ்சியிருப்பது சூரிய மின்வேலி. அது சுரீரென்று உதைக்குமே தவிர உயிரை வாங்காது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, காட்டுக்கு அருகே அத்தகைய வேலி போடுவோர் வன இலாகாவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கருவி, கம்பி, கம்பம், மின்கலம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அரை ஏக்கர் கடலைக்காரனால் அது ஆகாது. துப்பாக்கி ஒப்படைப்பு நடக்கும் அதே இடத்தில், அதே நாளில், கிராமத்துக்குப் பொதுவான வேலிக்கும் பயிர் நஷ்டத்துக்கும் மனு வாங்கி ரசீது கொடுத்தால், பரண்மேல் இருக்கும் குழல்களில் பல தாமாகவே கீழே இறங்கி வரும்.