புது வண்டி, தீராத பழுது: டியூ கட்டுவதை நிறுத்தலாமா?

வண்டி எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதே பழுதுக்கு நாலாவது முறையாக சர்வீஸ் சென்டர். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஃபைனான்ஸில் கார், சரக்கு வண்டி எடுத்தவர்கள் இந்த நிலைமையில் கேட்பது ஒன்றுதான்: “வண்டியே ஓடல, நான் எதுக்கு டியூ கட்டணும்?” நியாயமான கோபம். ஆனால், டியூவை நிறுத்தினால் வழக்கே பலவீனமாகிவிடலாம்.

தனிச் சட்டம் இருக்கிறதா?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே பழுதான புது வண்டிகளுக்காக ‘லெமன் சட்டம்’ கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2012 முதல், பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு.

இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-தான் வழி. இங்கே குறையை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில்.

வண்டியை மாற்றித் தருவார்களா?

பழுதை நீக்கவோ, வேறு வண்டி தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். ஆனால், பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் வாரன்டியின் கடமை என்று 2006-ல் மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே, முழு வண்டியையும் கேட்பவர், அது உற்பத்திக் குறை என்று காட்ட வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்.

அப்போ டியூ?

விற்பனை வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. தவணை நின்றால் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். அது ஏலத்தில் போய்விட்டால், பரிசோதிக்க என்ன மிஞ்சும்? வண்டிதான் முதல் சாட்சி.

லீஸுக்கு எடுத்தவர்?

ஆர்சி புக்கில் பெயர் இல்லாவிட்டாலும், உரிமையாளரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோரே. வியாபார நோக்கில் எடுத்தவர்களுக்குப் பொருந்தாது. ஆனால், சுயதொழிலாக ஓட்டிப் பிழைப்பவர் புகார் தரலாம்.

எங்கே, எப்போது?

ஷோரூம் சென்னையில் இருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனி ஆணையங்கள் உள்ளன. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. முதலில் 1915 உதவி எண்ணிலும் முறையிடலாம்.

கெடு 2 ஆண்டுகள். “அடுத்த சர்வீஸ்ல சரியாயிடும்” என்ற பேச்சிலேயே அது ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் பழுதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன புகார் ஆணையத்தில் நிற்காது.