ஐந்தாம் சக்கரமும் அத்தானின் ட்ரக்கும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதைவிட, அடியில் சிறிய எழுத்தில் வருவதை முதலில் வாசிப்பது என் பழக்கம். பத்திரிகை அலுவலகத்தில் கழிந்த ஆண்டுகள் தந்த வியாதி அது. கனடாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, இந்த வியாதியால் அத்தானுக்கும் எனக்கும் இடையே இரண்டு நாட்கள் பேச்சுவார்த்தையே நின்று போயிற்று. காரணம் ஒரு பிக்அப் ட்ரக். நம் நாட்டில் 'கெப்' என்கிறோமே, அதன் பெரியண்ணன்.

அத்தான் முப்பது வருடங்கள் தொழிற்சாலையில் இரவும் பகலும் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய நெடுநாள் ஆசை ஒன்றே ஒன்றுதான். கோடை தொடங்கியதும் ஸ்காபரோ வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியா வரை போய் வரவேண்டும். அதற்காக ஏறத்தாழ நாற்பது அடி நீளமான ஒரு 'ஃபிப்த் வீல்' ட்ரெயிலரைத் தெரிவு செய்திருந்தார். சாமான்களோடு அதன் உச்ச எடை 15,000 இறாத்தல், அதாவது 6,800 கிலோ. அதை இழுக்க 'முக்கால் தொன்' வகையைச் சேர்ந்த ஒரு டீசல் ட்ரக்குக்கு முற்பணமும் கட்டிவிட்டார். விற்பனையாளர் சொன்ன கணக்கு மிக எளிமையானது: "இந்த ட்ரக் 20,000 இறாத்தல் இழுக்கும். உங்கள் ட்ரெயிலர் 15,000 தான். பிறகென்ன?"

அந்தப் பிறகென்ன என்ற கேள்விக்கான பதில்தான் இக்கட்டுரை.

ஃபிப்த் வீல் என்றால் ஐந்தாம் சக்கரம். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் இது. வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக, நான்கு சக்கரங்களுக்கும் மேலதிகமாகப் படுக்கை வசத்தில் ஒரு வளையம் பொருத்தப்பட்டிருந்தது. அதுவே ஐந்தாம் சக்கரம். இன்று கொள்கலன் லொறிகளில் இழுவைத் தலையின் முதுகில் கறுப்பாக மசகு பூசிய ஒரு தட்டைக் காண்கிறோமே, அது அதன் வழித்தோன்றல். அதே ஏற்பாட்டைச் சிறிய அளவில் பிக்அப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ பொருத்துகிறார்கள். ட்ரெயிலரின் மூக்கிலிருந்து இறங்கும் கனத்த ஆணி அந்தத் தட்டில் போய் அமர்ந்து பூட்டிக்கொள்ளும்.

இந்த அமைப்பில் ஒரு நன்மையும் ஒரு வில்லங்கமும் உண்டு. சாதாரண ட்ரெயிலர் ட்ரக்கின் பின் பம்பருக்குக் கீழே கொளுவப்படுவதால் காற்றடித்தால் வாலாட்டும். ஐந்தாம் சக்கர ட்ரெயிலர் அப்படி எளிதில் ஆடாது. இது நன்மை. வில்லங்கம் என்னவென்றால், சாதாரண ட்ரெயிலர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ட்ரக்கின்மேல் சாய்க்கிறது. ஐந்தாம் சக்கரமோ 20 சதவீதம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் சாய்க்கிறது. அந்த எடை அப்படியே பின் அச்சில் போய் உட்காருகிறது. ஆகவே இங்கு ட்ரக்கின் வேலை இழுப்பது மட்டுமன்று, சுமப்பதும்தான். விற்பனைக்கூடத்தில் எல்லோரும் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள்.

அத்தானை அழைத்துக்கொண்டு அந்த ட்ரக்கைப் பார்க்கப் போனேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய லேபல். டயர்களில் இருக்கவேண்டிய காற்றின் அளவோடு, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை ஒருபோதும் தாண்டக்கூடாது என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு வரி. அங்கே இருந்த எண் 970 கிலோ. இறாத்தலில் சொன்னால் சுமார் 2,140.

தொலைபேசி அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். 15,000 இறாத்தலில் ஐந்தில் ஒரு பங்கு 3,000. கொளுவி இரும்பின் எடை 200. அக்காவும் அத்தானும் சேர்ந்து 350 (அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை). கருவிப்பெட்டி, கதிரைகள், சிறிய மின்பிறப்பாக்கி என்று இன்னொரு 200. ஆகமொத்தம் 3,750. அந்த ட்ரக் சுமக்கக்கூடியதைவிட 1,600 இறாத்தல் அதிகம்! இழுவைத் திறனில் 5,000 இறாத்தல் மிச்சம் வைத்திருக்கும் அதே ட்ரக், சுமைத் திறனில் முக்கால் தொன் கடனில் நிற்கிறது.

விற்பனையாளர் அசரவில்லை. "பின் ஸ்பிரிங்குகளுக்குக் காற்றுப் பை போட்டுத் தருகிறோம், பின்பக்கம் தாழாது" என்றார். காற்றுப் பை ட்ரக்கை மட்டமாக நிற்கவைக்கும் என்பது உண்மை. ஆனால் அச்சும் சக்கரமும் டயரும் பிரேக்கும் பழையவைதான். தயாரிப்பாளர் அச்சடித்த எண் ஓர் இறாத்தல்கூட உயராது. முதுகு கூனிய சுமைகூலிக்கு இறுக்கமான சட்டை போட்டு நிமிர்த்துவது போன்றது அது.

இழுவை எண் முழுப் பொய்யென்று நான் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி ஓர் எண்ணை அறிவித்து வந்தது. 2008 இல் அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் ஜே2807 என்ற தரநிலையை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே தொடங்கும் 11.4 மைல் ஏற்றத்தில், குளிரூட்டியை முழுவேகத்தில் விட்டு, ட்ரெயிலரோடு ஏறவேண்டும். வேகம் மணிக்கு 40 மைலுக்குக் குறையக்கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரமுள்ள ட்ரக்குகளுக்கு 35 மைல். டொயோட்டா தனது 2011 ஆம் ஆண்டு ரன்ட்ராவுக்கு இதை முதலில் ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் சில ஆண்டுகள் இழுத்தடித்தே வந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளம்பரத்தில் வரும் உச்ச எண், பெரும்பாலும் அதிக ஆடம்பரமில்லாத ஒரு குறிப்பிட்ட ரக ட்ரக்குக்கு உரியது. தோலிருக்கை, கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேரச்சேர ட்ரக்கின் சொந்த எடை ஏறும். அதே அளவுக்குச் சுமைத் திறன் இறங்கும். டீசல் இயந்திரமே பெட்ரோல் இயந்திரத்தைவிடப் பல நூறு இறாத்தல் அதிகம். அத்தான் கேட்டது அந்த வகையிலேயே விலை உயர்ந்த ட்ரக். ஆகவேதான் அதன் லேபலில் எண் அவ்வளவு சிறிதாக இருந்தது. பணம் அதிகம் கொடுத்தவனுக்குச் சுமை குறைவு என்ற விசித்திரம் இந்த வியாபாரத்தில்தான் உண்டு.

அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன் என்ற பெயர்களையும் நம்பவேண்டாம். ஒரு காலத்தில் அவை உண்மையான சுமையைக் குறித்தன. இன்று வெறும் வகுப்புப் பெயர்கள். ஃபோர்டின் எப்-150, ராமின் 1500 போன்ற அரைத் தொன் ட்ரக்குகள் பெரிய ஐந்தாம் சக்கரத்துக்கு ஆகவே ஆகா. முக்கால் தொன்னான எப்-250, 2500 வகைகளின் உச்ச மொத்த எடை பெரும்பாலும் 10,000 இறாத்தலை ஒட்டியே வைக்கப்படுகிறது. டீசலின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு தொன்னான எப்-350, 3500 இல் ஒற்றைச் சக்கரம் என்றால் ஏறத்தாழ 3,500 முதல் 4,500 வரை சுமக்கும். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரமுள்ள 'டூவலி' 5,000 ஐத் தாண்டும். வெளித்தோற்றத்தில் 2500 க்கும் ஒற்றைச் சக்கர 3500 க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. குனிந்து பின் ஸ்பிரிங்கைப் பார்க்கவேண்டும்.

இரட்டைச் சக்கரம் வீண் பந்தா என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மலைச் சரிவில் பின் டயர் ஒன்று வெடித்தால், மற்றது தாங்கிக்கொள்ள அருகிலேயே இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 15,000 இறாத்தல் ட்ரெயிலருக்கு டூவலியே தகும்; 12,000 க்குள் நின்றால் ஒற்றைச் சக்கர ஒரு தொன் போதும் என்பது என் துணிபு. முதலில் ட்ரெயிலரைத் தீர்மானித்துவிட்டு, அதன் உச்ச எடையைக் கொண்டு ட்ரக்கைத் தேடவேண்டும். ட்ரெயிலர் ஏட்டில் அச்சடித்திருக்கும் ஆணி எடை வெறும் வண்டியினுடையது. பற்றரி, எரிவாயு, தண்ணீர், முன் அறையில் அடைக்கும் அரிசி மூட்டை எல்லாம் ஏறியபின் அது வேறு எண்.

டீசலா பெட்ரோலா என்று நெடுநேரம் வாதாடலாம். அத்தான் கடக்க விரும்பும் கோக்கிஹல்லா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீற்றர். ஏறுவதைவிட இறங்குவதே அங்கு பெரிய சோதனை. புகைக்குழாயை நெரித்து வேகத்தை அடக்கும் டீசலின் எக்சோஸ்ட் பிரேக் அந்த இடத்தில் பெரும் துணை. மட்டமான ஒன்ராறியோவுக்குள்ளேயே சுற்றுபவருக்குப் பெட்ரோல் போதும், விலையும் குறைவு.

பெட்டியின் நீளத்தையும் கவனிக்கவேண்டும். ஆறரை அடிப் பெட்டியில் கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெயிலரின் மூலை வந்து ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியை முத்தமிடும். அதைத் தவிர்க்கப் பின்னோக்கி வழுக்கும் கொளுவிகள் உண்டு. எட்டடிப் பெட்டியில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

இதையெல்லாம் சொன்னபோது அத்தானுக்குக் கோபம் வந்தது. "பத்து வருஷமா இதே ட்ரக்கில இழுக்கிறவங்கள் இருக்கிறாங்கள் தம்பி, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை" என்றார். நடக்காதவர்கள்தானே வந்து சொல்கிறார்கள்? கடுகண்ணாவை ஏற்றத்தில் அளவுக்கு மீறி ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனவன் நான். அந்தச் சாரதிகளும் இதையே சொல்வார்கள்.

என் கோபம் அத்தான்மீது அன்று. மனிதனின் ஓய்வூதியப் பணத்தை வாங்கும் விற்பனையாளர், ட்ரெயிலரின் எடையைக் கேட்டபின்னும் லேபலைக் காட்டவில்லையே என்பதுதான் என் கோபம். இழுவை எண்ணை எந்த அளவு எழுத்தில் விளம்பரம் செய்கிறார்களோ, விற்கப்படும் அந்த ட்ரக்கின் சுமை எண்ணையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டுமெனச் சட்டம் வரவேண்டும். லேபலில் அந்த வரி இல்லாத கனரக ட்ரக்கென்றால், எண்ணெய் நிரப்பி எடைமேடையில் ஏற்றி, உச்ச மொத்த எடையிலிருந்து கழித்துக் காட்டட்டும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் அந்தக் கடையில் எவரும் வாய் திறக்கவில்லை. ஒன்ராறியோவில் இழுக்கப்படும் வண்டி 4,600 கிலோவைத் தாண்டினால் சாதாரண ஜீ வகுப்பு அனுமதி போதாது. ஏ வகுப்பு வேண்டும். அத்தானின் ட்ரெயிலரோ 6,800 கிலோ.

மூன்றாம் நாள் அத்தான் தானாகவே பேசினார். முற்பணத்தில் ஒரு பகுதி போயிற்று. பழைய ட்ரக் ஒன்று, எட்டடிப் பெட்டியுடன் ஒரு தொன் டூவலியாகப் பார்த்து வாங்கினார். அறுபத்தாறு வயதில் மருத்துவ அறிக்கை, எழுத்துப் பரீட்சை, வீதிப் பரீட்சை எல்லாம் முடித்துப் புதிய அனுமதிப்பத்திரமும் பெற்றார். முதற் பயணத்தில், லொறிகள் தரிக்குமிடத்து எடைமேடையில் ட்ரெயிலரோடு ஏறி, அங்கே கிடைத்த துண்டைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். பின் அச்சில் இன்னும் 2,000 இறாத்தல் அளவுக்கு இடமிருந்தது.

அதற்குக் கீழே அக்கா ஒரு வரி சேர்த்திருந்தார்: "தமிழ்க் கடை வாசலிலை இதை நிப்பாட்ட இடமில்லை தம்பி, அதுக்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம்."