விளையாட்டும் வினையும்

'விளையாட்டு வினையாகும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது குழந்தைகளை மிரட்டுவதற்காக. ஆனால், என்னைப் போலவே கதை எழுதிப் பிழைக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அதையே சட்டமாகப் பிரகடனம் செய்தார். "வீடியோ கேம் பொழுதைக் கொல்லும் சாதனம். யுத்தத்தையும் பசியையும் அதற்குள் கொண்டுபோய் வைப்பது செத்தவர்களைக் கேலி செய்வது!" என்றார். பலத்த கைதட்டல். ஓராண்டுக்கு முன்னால் என்றால் நானும் தட்டியிருப்பேன்.

இடையில் என் பேரன் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டை என் முன்னே வைத்து, "தாத்தா, திட்டுவதானால் ஆடிப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்" என்றான். படிக்காமலே விமர்சனம் எழுதுகிறவர்களை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன்! மறுக்க வழியில்லை; உட்கார்ந்தேன்.

போலந்து நாட்டு வார்ஸா நகரத்தில் உருவாகி 2014இல் வெளிவந்தது அது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த சரயேவோ நகரத்து மக்கள் பட்ட பாடுதான் அதற்குத் தூண்டுதல். அதில் நீங்கள் சிப்பாய் அல்ல. இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் சாதாரண ஜனங்கள். பகலில் மறைந்திருந்து சுடுகிறவர்களுக்குப் பயந்து வெளியே தலை நீட்ட முடியாது. இரவில் ஒருவர் போய் உணவும் மருந்தும் தேடி வரவேண்டும்.

அப்படிப் போன ஒரு வீட்டில் வயோதிகத் தம்பதி இருந்தார்கள். அவர்களிடம் மருந்து இருந்தது; என் வீட்டில் ஒருவன் நோயாய்க் கிடந்தான். கிழவர் பின்னாலேயே வந்து கெஞ்சினார். நான் எடுத்துக்கொண்டேன். அவர் கையை ஓங்கியிருந்தாலாவது எனக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும், ஓங்கவில்லை. திருடித் திரும்பியவன் துயரத்தில் ஆழ்ந்தான். அவன் நடையே தளர்ந்துவிட்டது. அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

என் கதைகளில் எத்தனையோ திருடர்களைப் படைத்திருக்கிறேன். வாசகர் அவர்களுக்காகக் கண்ணீர் விடுவார். ஆனால் திருடியவர் அவரல்லவே! இங்கே மருந்தை எடுத்தது என் விரல். 'ஐயோ, பாவம்!' என்று சொல்லி நழுவ இடமில்லை.

இன்னொன்று, லூகஸ் போப் என்பவர் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் அதிகாரி. கணவனின் பத்திரங்கள் சரியாக இருக்கின்றன. பின்னால் வரும் மனைவிக்கு அனுமதிச் சீட்டு இல்லை. இரக்கப்பட்டு விட்டால் எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகள் கூடினால் கூலியில் பிடிப்பார்கள். கூலி குறைந்தால் வீட்டில் உணவில்லை, குளிருக்குக் கணப்பில்லை. கொடுங்கோன்மை எப்படி நல்லவர்களின் கைகளாலேயே நடக்கிறது என்று நான் ஆயிரம் பக்கம் எழுதுவேன். அவர் என் கையில் ஒரு முத்திரையைக் கொடுத்துவிட்டார்!

குப்பைகள் இல்லையா? மலைமலையாய் இருக்கின்றன. கொலைக்கு மதிப்பெண் போடும் கேம்களை நான் ஆதரிக்க வரவில்லை. நாவல்களில் மட்டும் குப்பை இல்லையா? நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப் போவார்கள் என்று பூட்டி வைத்த வீடுகள் இங்கே இருந்தன. அந்தப் பூட்டைத்தான் நண்பர் இப்போது தேடி எடுக்கிறார்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடியவர்கள்தாமே நாம்? பாம்பு பாவம், ஏணி புண்ணியம் என்று படித்தது விளையாட்டில் அல்லவா? ஆனால் அங்கே பாவமும் புண்ணியமும் தாயக்கட்டையின் தயவு. இங்கே அவை என் முடிவு.

செத்தவர்களைக் கேலி செய்வதாம்! யுத்தத்தில் வார்ஸா தரைமட்டமானதை மறக்காத போலந்தின் அரசு, 2020இல் அந்த விளையாட்டை உயர்நிலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. கேலி எது, அஞ்சலி எது என்று அவர்களுக்குத் தெரியாதா?

நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் நம் பிள்ளைகள் ஆடாமல் இருக்கப் போவதில்லை. நல்லது எது என்று சொல்ல ஆளில்லாமல் கொலைச் சரக்கு விற்கிறவர்களிடம் போய்ச் சேருவார்கள். அந்தப் பழி நம்முடையது.

நண்பருக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: ஓர் இரவு அந்தக் கிழவரின் வீட்டுக்குப் போய் வாருங்கள். பிறகு மேடை ஏறுங்கள்.