பாட்டில் நின்ற வரலாறு

பிறந்த மண்ணும் பெற்றோர் இட்ட பெயரும் பறிக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றை எங்கே எழுதிவைப்பர்? ஏடும் எழுத்தாணியும் ஆண்டார் கையில் இருந்தன; ஆளப்பட்டார்க்கு எஞ்சியது பாட்டு ஒன்றே. இதனை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியே போதிய சான்றாகும்.

அங்கு வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களைக் காப்பிரியர் என்பர். அவர்தம் முன்னோரைப் போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரராகவும் கடல்கடந்து கொணர்ந்தனர். 1873ஆம் ஆண்டில் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்டபின், அப்படையினர் சிலரின் குடும்பங்கள் புத்தளப் பகுதியில் நிலைகொண்டன. இன்று அவர்கள் பேசுவது சிங்களம். எனினும், அவர்தம் 'மஞ்சா'ப் பாடல்களில் போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்றும் ஒலிக்கின்றது. சிரட்டையும் கரண்டியும் போத்தலும் பக்கவாத்தியங்களாக, மெல்லத் தொடங்கி வரவர விரையும் தாளத்தில் அவற்றைப் பாடுவர். பேச்சில் அருகிய மொழி பாட்டில் உயிர்வாழ்வது வியப்பன்றோ!

நம் வீட்டு விழாக்களில் ஒலிக்கும் பைலாவின் வேர்களுள் ஒன்றாகிய 'கபிரிஞ்ஞா'வும் காப்பிரியர் பெயரையே தாங்கி நிற்பது. பைலாவுக்கு ஆடுவோர் பலர். அப்பெயரின் பொருளை வினவுவோர் சிலர்.

விழா மேடைகளில் மஞ்சாவைச் சிறிது நேரம் ஆடச்செய்து, கைதட்டி அனுப்பிவிடுவது நினைவுகூரல் ஆகாது. அது வேடிக்கை பார்த்தலேயாம். பாடுவோர் தம் பாட்டிமார் சொன்ன கதைகளைத் தம் வாயாலேயே கூற, நாம் அமைதியாக இருந்து கேட்டல் வேண்டும். அப்போதுதான் ஆட்டம் வரலாறாகும்.

'பழம்புண்ணைக் கிளறுவது ஏன்?' என்பாரும் உளர். அந்நியர் செய்த கொடுமை அந்நியரோடு போயிற்று என்பது அவர் கருத்து. அது முழுமையான உண்மையன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆணைப்படி தொகுக்கப்பெற்று, தமிழ் முதலியார் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமையில், அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அந்நூலுக்குச் சட்டவலுவும் அளித்தனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயாம். ஆதலின், அடிமைத்தனம் கப்பலில் வந்திறங்கிய தீமை மட்டுமன்று. தமிழர் முற்றத்திலும் அது இருந்தது. சட்டம் ஒழிந்தபின்னும் அதன் நிழல் கோயில் வாயிலிலும் கிணற்றடியிலும் நெடுங்காலம் நீடித்ததை யார் மறுப்பர்? பிறர் குற்றத்தை மட்டும் பாடும் கூத்து அரைக்கூத்தேயாம்.

நம் மாணவர் ஆற்றக்கூடிய பணிகள் சில உள. சிரம்பியடி முதியோரின் இசைவைப் பெற்று, அவர்தம் பாடல்களையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்து, பொருளுரையோடு கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். அப்பதிவின் ஒரு படி அவ்வூரார் கையிலும் இருத்தல் வேண்டும். ஏனெனில் அது அவர்தம் செல்வம். உடப்புக் கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களை அவற்றோடு ஒருங்குவைத்து ஆராயலாம். தேசவழமை கூறும் அடிமைகளின் வாழ்வை நாட்டுக்கூத்தாக ஆக்கலாம். அடிமை வாணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் நாளாக யுனெஸ்கோ வகுத்த ஓகஸ்ற் 23 அதனை அரங்கேற்றத் தக்க நாளாகும். அவ்வரங்கில் சிரம்பியடியார் விருந்தினராக அன்றி ஆசிரியராக அமர்தல் வேண்டும். பாடியவர்க்கு வெறும் பொன்னாடையோடு நில்லாது தக்க சன்மானமும் அளித்தல் முறை.

பழைய மாணவர் சங்கத்தார் இம்முயற்சிக்குப் பொருளுதவி செய்வாராயின், யூபிலி ஆண்டின் பயன் கட்டடங்களோடு நின்றுவிடாது. கலப்பு மொழியின் பொருள் அறிந்த முதியோர் இன்று மிகச் சிலரே. அவர் உள்ளபோதே அவர்பாற் செல்வோமாக.