பொருந்துமா என்பதைப் பெட்டியே சொல்லட்டும்

டிடிஆர்4 ராம் ஒன்றையும் டிடிஆர்5 ராம் ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. நீளம் ஒன்றுதான். அடி விளிம்பில் வரிசையாகப் பளபளக்கும் தங்க முலாம் முனைகளும் இரண்டிலும் 288தான். அந்த வரிசையின் நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கிறது. ஒன்றில் அது இருக்கும் இடத்துக்கும் மற்றதில் இருக்கும் இடத்துக்கும் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பொருந்தாத ராமை யாரும் மதர்போர்டில் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். பொறியியல் நோக்கில் அருமையான ஏற்பாடு. ஆனால், ‘பொருந்தாது’ என்று அது சொல்லும் நேரத்தைக் கவனியுங்கள்: பணம் கொடுத்து, கவரைப் பிரித்து, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ராமை ஸ்லாட்டின் மேல் வைத்து அழுத்திய பிறகு. பிரித்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள எந்தக் கடைக்காரரும் யோசிப்பார். வீட்டுக் கணினியைத் தாமே மேம்படுத்த முயல்பவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த வகைதான். உண்மை தெரியத்தான் செய்கிறது; ஆனால், காசு கைமாறிய பிறகு தெரிகிறது.

‘விஷயம் தெரியாதவர் ஏன் கை வைக்க வேண்டும்?’ என்பது இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். கைவேலையைப் பொறுத்தவரை இந்தப் பதில் நிற்காது. கேபினெட்டைத் திறக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். ராமை மாற்றுவது குக்கருக்கு காஸ்கெட் மாற்றுவதைவிடப் பெரிய வேலை அல்ல. பழைய ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் எஸ்எஸ்டியை வைத்தால் பத்து வருடப் பெட்டிகூடச் சுறுசுறுப்பாகிவிடும். அதற்கு வேண்டியது இரண்டு கேபிள்களும் நான்கு திருகுகளும். கை தடுமாறுவது அரிது. எது எதோடு சேரும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் உட்பட. அந்தத் தகவல் தயாரிப்பாளரிடம் இருக்கிறது. விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லப்படுவதில்லை. குறை அங்கே இருக்கிறது, அதைத் தீர்க்கவும் முடியும் என்பதே என் வாதம்.

மேசைக் கணினி பிறந்ததே திறந்து பார்க்கும் பொருளாகத்தான். 1981இல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது உள்ளே கூடுதல் கார்டுகளுக்கு ஐந்து ஸ்லாட்டுகள் இருந்தன. சுற்று வரைபடங்களையும், கணினியைத் தொடக்கும் பயாஸ் நிரலையும் அச்சிட்ட கையேட்டை விலைக்கு யாரும் வாங்க முடிந்தது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால் ஒரு நிறுவனத்தின் கேபினெட்டில் இன்னொரு நிறுவனத்தின் போர்டும் வேறொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியும் அமர்ந்தன. இன்றும் ஒருவர் மடிக்கணினியை விட்டுவிட்டு மேசைக் கணினியை வாங்குகிறார் என்றால், ‘பிறகு தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் அவர் விலை கொடுக்கிறார்.

அந்த நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்கு இன்டெல்லின் 1151 சாக்கெட் நல்ல சாட்சி. 2015இல் ஆறாம் தலைமுறை பிராசசரோடு வந்த சாக்கெட் இது. 2017 ஜனவரியில் ஏழாம் தலைமுறையும் அதிலேயே அமர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தபோது சாக்கெட்டின் எண் மாறவில்லை, முனைகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. ஆனால், 300 வரிசை சிப்செட் கொண்ட புதிய போர்டில் மட்டுமே இயங்கும் என்றாகிவிட்டது. கோர்கள் கூடியதால் மின்தேவை கூடியது, அதற்காகச் சில முனைகளின் வேலை மாற்றப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். பின்னாளில் ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தியும் சில முனைகளை நாடா ஒட்டி மறைத்தும் பழைய போர்டுகள் சிலவற்றில் அதே பிராசசரை ஓட்டிக் காட்டினார்கள். இதனால் நிறுவனத்தின் விளக்கம் பொய் என்று ஆகிவிடாது. எல்லாப் போர்டும் அந்தச் சுமையைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால், உள்ளே மாறிவிட்ட ஒன்றுக்கு வெளியே பழைய எண்ணையே விட்டுவைத்தது ஏன்? 1151 என்ற எண்ணைப் பார்த்து, எண்ணி, சரி என்று நம்பி வாங்கியவர் மீது எந்தக் குற்றமும் இல்லை.

ஒரே சாக்கெட்டை நெடுங்காலம் காப்பாற்றியதற்காக ஏஎம்டி பாராட்டப்படுகிறது, பாராட்டு நியாயமானதே. 2017இல் முதல் ரைசனோடு பரவலான ஏஎம்4 போர்டுகளுக்கு 2022இலும் புதிய பிராசசர்கள் வந்தன. அங்கே தொல்லை வேறு வடிவில் வந்தது. பழைய பயாஸுக்குப் புதிய பிராசசரை அடையாளம் தெரியாது. பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் பெரும்பாலான போர்டுகளில் கணினி இயங்கியாக வேண்டும். அது இயங்க வேண்டுமானால் அதற்குத் தெரிந்த பழைய பிராசசர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். பயாஸைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு பிராசசரை வாடிக்கையாளருக்கு இரவல் அனுப்பும் திட்டத்தை அந்த நிறுவனம் 2018இல் நடத்த வேண்டியிருந்தது. பின்னர் போர்டுப் பெட்டிகளின் மேல் ‘ரைசன் 3000க்குத் தயார்’ என்ற ஸ்டிக்கர் வந்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்தத் தாள் பல பேரின் அலைச்சலைத் தீர்த்தது. 2020 மே மாதத்தில், அடுத்த தலைமுறை ரைசன், 400 வரிசை சிப்செட் போர்டுகளில் இயங்காது என்று அறிவித்த ஏஎம்டி, வாங்கியவர்கள் கொதித்ததும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘முடியாது’ என்பது எல்லா நேரமும் மின்னணுவியலின் தீர்ப்பு அல்ல. சில நேரம் வணிகத்தின் முடிவு.

இவை பெரிய பாகங்களின் கதை. சின்ன எழுத்தில் இருப்பவை இன்னும் மோசம். எம்.2 என்ற ஸ்லாட்டில் செருகும் எஸ்எஸ்டி, சூயிங்கம் பட்டை அளவில் இருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிடும் சாட்டா வகையும், அதைப்போல் பல மடங்கு ஓடும் என்விஎம்இ வகையும் ஒரே அளவில் ஒரே கடையில் கிடைக்கின்றன. ஸ்லாட் ஒன்றை மட்டும் ஏற்கலாம், இரண்டையும் ஏற்கலாம். சில போர்டுகளில் அந்த ஸ்லாட்டை நிரப்பியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். புது எஸ்எஸ்டி வேலை செய்யும், பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போகும். காரணம் கையேட்டின் அடிக்குறிப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருக்கும். பெரிய பிராண்டுகளின் அலுவலகக் கணினிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன; அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் இணைப்பு அந்த நிறுவனத்துக்கே உரியது. கிராபிக்ஸ் கார்டு போட ஆசைப்பட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றப்போனால் இணைப்பு சேராது, அதற்காக போர்டை மாற்றினால் அது கேபினெட்டில் உட்காராது, போர்டு மாறியதும் கணினியோடு வந்த விண்டோஸ் உரிமமும் போய்விடும். எலியிடமிருந்து கோவணத்தைக் காக்கப் பூனை வளர்த்த சந்நியாசி, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, கடைசியில் குடும்பஸ்தன் ஆன கதைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

தொழில்நுட்பம் வளர வேண்டாமா, என்றைக்கும் பழைய சாக்கெட்டையே கட்டி அழ முடியுமா என்பது முதல் மறுப்பு. முடியாதுதான். டிடிஆர்5இல் மின்சாரத்தைச் சீராக்கும் பொறுப்பு போர்டிலிருந்து ராமுக்கே நகர்ந்துவிட்டது. பழைய ஸ்லாட்டோடு அது எப்படியும் சேராது. மாற்றத்தை யாரும் தடுக்கச் சொல்லவில்லை, அறிவிக்கத்தான் சொல்கிறோம். பாதுகாப்பைக் காரணம் காட்டும் மறுப்புக்கும் இதே விடைதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு வேண்டும் என்பதற்கு நியாயம் உண்டு. ஆனால், அது 2021இல் அறிவிக்கப்பட்டபோது, 2017இல் வந்த முதல் ரைசன்களும் இன்டெல்லின் ஏழாம் தலைமுறையில் மிகப் பெரும்பான்மையும் பட்டியலுக்கு வெளியே நின்றன. கணினி தகுதி பெறுமா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் தந்த செயலி, தொடக்கத்தில் ‘இயலாது’ என்று சொன்னதே தவிர ஏன் என்று சொல்லவில்லை. பல போர்டுகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது தெரியாமல் நல்ல கணினியைக் கைவிட நினைத்தவர்கள் உண்டு. புகார்கள் குவிந்ததும் செயலியைத் திரும்பப் பெற்று, சில மாதங்கள் கழித்துக் காரணத்தையும் சொல்லும்படி திருத்தினார்கள். 2021இன் நிபந்தனையை 2017இலேயே சொல்லியிருக்க முடியாது என்பது உண்மை. ஆனால், குறைந்தது இத்தனை ஆண்டுகள் ஆதரவு உண்டு என்று சொல்லியிருக்கலாம். சில கைப்பேசி நிறுவனங்கள் இன்று ஏழு ஆண்டு என்று அறிவித்தே விற்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை என்ன செய்வது என்று வீடுகள் விழித்ததற்கு அந்த ஒரு வரி இல்லாததும் காரணம்.

தகவல் எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, அல்லது கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் சொல்லிவிடுவார்களே என்பது அடுத்த மறுப்பு. அசெம்பிள் செய்பவர்களின் அனுபவம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால், ஊருக்கு ஊர் ரிச்சி தெரு கிடையாது. விற்பவரே ஆலோசகராகவும் இருக்கும்போது புதுப் பெட்டியை நோக்கி ஆலோசனை சாய்வதும் மனித இயல்பு. இணையத்தில் தேடலாம் என்றால், போர்டின் சரியான மாடலோடு அதன் திருத்தப் பதிப்பு எண்ணும் தெரிய வேண்டும். அந்த எண் கேபினெட்டுக்குள், போர்டின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. மருந்து அட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவதற்குப் பதிலாக, தேவைப்படுவோர் கம்பெனி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஏற்போமா?

இந்தியச் சட்டத்தில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. பொருளின் தரம், அளவு, விலை போன்றவற்றை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைவுக் கட்டமைப்பை உருவாக்க 2022 ஜூலையில் மத்திய அரசு குழு அமைத்தபோது, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் குறிக்கப்பட்டன. மேசைக் கணினிக்கு அதில் தனி இடம் இல்லை. பழுதுபார்ப்பது பற்றித்தான் பேச்சு, மேம்படுத்துவது பற்றி அல்ல. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பழுதுநீக்க எளிமை பத்துக்கு எத்தனை என்று விற்கும் இடத்திலேயே காட்ட வேண்டும். நம் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர லேபிள் ஒட்டியிருக்கிறது. மின்பொறியியல் படிக்காதவர்களும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதேபோல் ஒவ்வொரு மதர்போர்டின், ஒவ்வொரு ஆயத்தக் கணினியின் பெட்டியிலும் ஐந்து வரிகள் போதும்: எந்த வகை ராம், அதிகபட்சம் எவ்வளவு; பெட்டியிலிருக்கும் பயாஸோடு எந்தத் தலைமுறை பிராசசர் வரை ஓடும்; எம்.2 ஸ்லாட் எந்த வகையை ஏற்கும், எந்தப் போர்ட்டை அணைக்கும்; எஸ்எம்பிஎஸ் பொது அளவா, தனி அளவா; எத்தனை ஆண்டு ஆதரவு.

தாமே மேம்படுத்துபவர்கள் சிறுபான்மைதானே, அவர்களுக்காக இவ்வளவா என்று கேட்கலாம். அப்பாவின் பழைய கணினியில் ஒரு ராம் சேர்த்துக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட நினைக்கும் பிள்ளைக்கு, இரண்டாயிரம் ரூபாயில் தீருமா, முப்பதாயிரம் ஆகுமா என்பது சிறுபான்மைப் பிரச்சினை அல்ல. மேம்படுத்தாமல் கைவிடப்படும் ஒவ்வொரு பெட்டியும் மின்கழிவுக் குவியலில்தான் சேர்கிறது. ராமின் அந்தச் சிறு வெட்டு இப்போதும் உண்மையைத்தான் சொல்கிறது. அதே உண்மையைக் கடைக்காரர் பில் போடுவதற்கு முன்பே பெட்டியின் மேல் அச்சிட ஆகும் மைச் செலவு, எந்த நிறுவனத்துக்கும் பாரமாக இருக்காது.